நுரையீரல் புற்றுநோயும் அடையாளப் புரதங்களும்

உலகில் புற்றுநோயால் மாள்பவர்களுள் மிகப் பெருந்தொகையினர் நுரையீரல் புற்றுநோயால் மாள்பவர்களே ஆவர். 2022-ஆம் ஆண்டில் சுமார் 25 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 18 லட்சம் பேர் உயிரிழந்தனர். இந்தியாவில் அவ்வாண்டு இந்நோய்க்கு ஆளானோர் தொகை எண்பதாயிரத்துக்கு மேற்பட்டது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர்.

நோய் இன்னதென்று உறுதிப்பட்டதும் நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் வைத்தியரை இரு கேள்விகள் கேட்பது வழக்கம். இந்நோய் இனி எவ்வாறு செல்லும் என்பது ஒன்று. எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது மற்றொன்று. நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது, புற்று எவ்வகையைச் சார்ந்தது, நோயாளியின் உடல்வலிமை எத்தகையது என்னும் மூன்றையும் கொண்டே முற்காலத்து வைத்தியர்கள் இவற்றுக்கு விடை கூறினர். இப்போது இரத்தத்திலும் புற்றுத் திசுவிலும் காணப்படும் சில புரதங்களும் விடை காணத் துணை செய்கின்றன. இவை அடையாளப் புரதங்கள் எனப்படும். இவை மேற்கூறிய இரு கேள்விகளுக்கும் ஒரே விதமாக விடை தருபவை அல்ல. எந்தப் புரதம் எந்தக் கேள்விக்கு உரியது என்பதைப் பிரித்தறியாமல் போனால் பயனுள்ள மருந்தை இழக்கவும், பயனற்ற மருந்தை ஏற்கவும் நேரிடும். ஆகவே, இப்பிரிவினையை விளங்க அறிந்துகொள்வது இன்றியமையாததாகும்.

அடையாளப் புரதங்களின் வரலாறு

நோயின் அடையாளமாகப் புரதம் ஒன்று முதன்முதலில் அறியப்பட்டது 1840-களில் ஆகும். லண்டனில் எலும்புகள் நொறுங்கி வருந்திய ஒரு நோயாளியின் சிறுநீரைச் சோதித்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். அச்சிறுநீரைச் சூடேற்றியபோது ஒரு பொருள் திரிந்து படிந்தது, கொதிக்கவைத்தபோது மறைந்தது, குளிர்ந்தபோது மீண்டும் தோன்றியது. எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயில் உண்டாகும் புரதமே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1965-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் பில் கோல்ட், சாமுவேல் பிரீட்மன் என்னும் இருவர் பெருங்குடற் புற்றில் ஒரு புரதத்தைக் கண்டனர். கருவிலுள்ள குழந்தையின் குடலிலும் அது மிகுதியாக இருந்தது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறக்குறைய ஓய்ந்துபோன புரத உற்பத்தி, புற்றுநோயில் மீண்டும் தலையெடுக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. சி.ஈ.ஏ. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இப்புரதம் நுரையீரல் புற்றுநோயிலும் பயன்படுகிறது.

இரத்தத்தில் இத்தகைய புரதங்கள் இருக்கும் அளவு மிகச் சிறிது. சி.ஈ.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரையில் இருப்பதே வழக்கமான மேல் வரம்பாகக் கொள்ளப்படுகிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய அளவை அளப்பதற்கு வழிகாட்டியவர்கள் ராஸலின் யாலோ, சாலமன் பெர்ஸன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள். எதிர்ப்பொருளையும் கதிரியக்கப் பொருளையும் இணைத்து அளக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். இதற்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களிலிருந்து ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். இன்றைய சோதனைச் சாலைகளில் நடைபெறும் புரத அளவீடுகள் யாவும் இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழிவந்தவை எனலாம்.

இரத்தத்தில் காணப்படுபவை

நுரையீரல் புற்று ஒரே நோயன்று. சுரப்பித் தன்மை கொண்ட உயிரணுக்களில் தோன்றுவது அடினோகார்ஸினோமா. மீன் செதில் போன்று தட்டையான உயிரணுக்களைக் கொண்டது செதில் உயிரணுப் புற்று. மிக விரைவாகப் பரவுவது சிற்றுயிரணுப் புற்று. இவை முக்கிய வகைகள். ஒவ்வொரு வகையும் தன் பிறப்பிடத்துக்கு ஏற்ற புரதங்களை இரத்தத்தில் கலக்கச் செய்கிறது.

சி.ஈ.ஏ. பெரும்பாலும் அடினோகார்ஸினோமாவில் உயர்கிறது. சைப்ரா 21-1 என்பது உயிரணுக்களின் உட்சட்டமாக அமைந்த கெரட்டின் என்னும் புரதத்தின் உடைந்த துண்டாகும். செதில் உயிரணுப் புற்றில் உயிரணுக்கள் மடிந்து சிதையும்போது இத்துண்டு இரத்தத்தில் கலக்கிறது. சிற்றுயிரணுப் புற்று நரம்புத் திசுவையும் சுரப்பிகளையும் ஒத்த இயல்பு கொண்டது. ஆதலின், என்.எஸ்.ஈ. என்னும் நரம்புத் திசு நொதியும், புரோ-ஜி.ஆர்.பி. என்னும் புரதமும் இவ்வகையில் உயர்கின்றன.

ஆயினும் இவற்றுள் எதுவும் புற்றுக்கே தனியுரிமையான பொருள் அன்று. புகை பிடிப்போரிடம் புற்று இல்லாவிடினும் சி.ஈ.ஏ. சற்று உயர்ந்து காணப்படும். சிறுநீரகம் செயல் குன்றியவர்களிடம் சைப்ரா 21-1, புரோ-ஜி.ஆர்.பி. ஆகிய இரண்டும் உயரக்கூடும். என்.எஸ்.ஈ. செங்குருதி அணுக்களிலும் உண்டு. எடுத்த இரத்தம் நெடுநேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலோ, அணுக்கள் உடைந்துவிட்டாலோ அதன் அளவு பொய்யாக உயர்ந்துவிடும். கருப்பைக்கருகிலுள்ள சினைப்பையின் புற்றில் பெரிதும் பயன்படும் சி.ஏ. 125 என்னும் புரதம் நுரையீரலுறையைத் தாக்கும் காசநோயிலும் உயர்கிறது. காசநோய் மலிந்துள்ள இந்நாட்டில் இது நினைவிலிருத்தத் தக்கது.

நலமுள்ளோருக்குச் சோதனை தகுமா?

உடல்நலச் சோதனை என்ற பெயரில் பல சோதனைகளைத் தொகுத்து ஒரே கட்டணத்தில் செய்யும் முறை நகரங்களில் பரவியுள்ளது. இத்தொகுப்புகள் சிலவற்றில் அடையாளப் புரதங்களும் இடம்பெறுகின்றன. இது தகுமா என்பதை ஒரு கணக்கின் மூலம் அறியலாம்.

புகை பிடிக்கும் பழக்கமுள்ள 1,000 பேரைச் சோதிப்பதாகவும், அவர்களுள் 10 பேருக்கு உண்மையிலேயே புற்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சோதனை அப்பத்துப் பேரில் ஐவரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற 990 பேரில் நூற்றுக்கு ஐவர் வீதம், அதாவது சுமார் 50 பேருக்குத் தவறாக உயர்ந்த அளவைக் காட்டுகிறது. ஆக, உயர்ந்த அளவு பெற்றோர் 55 பேர். அவர்களுள் நோயுற்றவர் ஐவர் மட்டுமே. பதினொருவரில் பதின்மர் வீணாக அஞ்சி மேலும் பல சோதனைகளுக்கு ஆளாவர். அதே சமயம், நோயிருந்தும் சரியான அளவு என்று சொல்லப்பட்ட ஐவர் மனநிம்மதியுடன் வீடு திரும்புவர். பின்னதே பெருந்தீங்கு. இவ்வெண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. எனினும், அரிதான நோயைத் தேடும்போது விளையும் குழப்பம் இத்தகையதே.

புகை பிடிக்கும் பழக்கம் நெடுநாள் உள்ளவர்களிடம் நோயைத் தொடக்கத்திலேயே காண்பதற்கு, குறைந்த கதிரளவில் எடுக்கப்படும் சி.டி. படமே ஆராய்ச்சியால் மெய்ப்பிக்கப்பட்ட வழி. ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கு கொண்ட அமெரிக்க ஆராய்ச்சியொன்றின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. சாதாரண மார்புப் படம் எடுக்கப்பட்டவர்களைவிட, சி.டி. படம் எடுக்கப்பட்டவர்களிடம் நுரையீரல் புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு இருபது பங்கு குறைந்திருந்தது.

நோயின் போக்கை முன்னறிதல்

நோய் உறுதியான பிறகு அடையாளப் புரதங்களின் பயன் வேறு. இங்கும் முதலிடம் நோயின் கட்டத்துக்கே உரியது. உலக நாடுகள் பலவற்றிலிருந்து திரட்டி 2016-இல் வெளியிடப்பட்ட விவரங்களின்படி, மிகத் தொடக்கக் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். மூன்றாம் கட்டத்தின் முற்பகுதியில் இத்தொகை 36. நான்காம் கட்டத்தின் முற்பகுதியில் 10. எந்தப் புரதமும் இவ்வேறுபாட்டுக்கு ஈடாக எதையும் கூறுவதில்லை.

ஆயினும், ஒரே கட்டத்தில் உள்ள இருவருக்கு நோய் ஒரே விதமாகச் செல்வதில்லை. இங்கேதான் புரதங்கள் உதவுகின்றன. முதற்கட்ட நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுள், அறுவைக்கு முன்பே சி.ஈ.ஏ. உயர்ந்திருந்தவர்களுக்கு நோய் மீளும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. சைப்ரா 21-1 குறித்து, சிற்றுயிரணு அல்லாத புற்றுடைய 2,063 நோயாளிகளின் விவரங்களைப் பல மருத்துவ நிலையங்களிலிருந்து ஒன்றுசேர்த்து ஆராய்ந்த முடிவு 2004-இல் வெளியாயிற்று. அப்புரதம் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள், நோயின் கட்டம், உடல்வலிமை முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும், குறைவாகவே இருந்தது.

ஒரே ஒரு முறை எடுத்த அளவைவிட, அடுத்தடுத்து எடுத்த அளவுகளின் போக்கு அதிகம் சொல்லும். அறுவையின்போது கட்டி முழுவதும் நீங்கிவிட்டால் சி.ஈ.ஏ. சில நாட்களுக்கொரு முறை பாதியாகக் குறைந்து, சில வாரங்களில் வழக்கமான அளவை அடைதல் வேண்டும். அவ்வாறு குறையாவிடின் புற்று எங்கேனும் எஞ்சியுள்ளதோ என்று ஐயுற இடமுண்டு. குறைந்த அளவு மீண்டும் படிப்படியாக ஏறுமாயின் படமெடுத்துப் பார்ப்பது அவசியம். இவ்வாறு ஒப்பிடும்போது, எல்லாச் சோதனைகளும் ஒரே முறையில், கூடுமானால் ஒரே சோதனைச் சாலையில் நடைபெறுதல் வேண்டும். வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகள் ஒரே இரத்தத்துக்கு வெவ்வேறு எண்களைத் தரக்கூடும். அவ்வேறுபாட்டை நோயின் ஏற்றமாகக் கொள்வது பிழையாகும்.

ஆயுளைப் பற்றிய எண்களின் பொருளும் விளங்கிக்கொள்ளத் தக்கது. 'இடைநிலை ஆயுள் 14 மாதம்' என்றால், அத்தகைய நோயாளிகளுள் பாதிப்பேர் 14 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர் என்பது பொருள். அவர்களுள் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருப்பர். எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளிக்கு 14 மாதமே எஞ்சியுள்ளது என்று அவ்வெண் கூறவில்லை. கூட்டத்துக்குரிய எண்ணைத் தனி மனிதருக்குரிய தீர்ப்பாகக் கொண்டு சிகிச்சையைக் கைவிட்ட குடும்பங்கள் உண்டாதலின், இதை வைத்தியர் பொறுமையுடன் எடுத்துரைத்தல் கடமையாகும்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் இரத்தத்தில் இல்லை. புற்றுத் திசுவிலேயே உள்ளது. நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்ட சிறு துணுக்கை மெல்லிய சீவல்களாக்கி, குறிப்பிட்ட எதிர்ப்பொருளால் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கின்றனர். புரதம் உள்ள இடங்கள் பழுப்பு நிறமாகத் தோன்றும்.

1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் உருவான கி-67 என்னும் எதிர்ப்பொருள், பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களை மட்டுமே சாயமேற்றுகிறது. பெயரின் முதற்பகுதி அந்நகரைக் குறிக்கும். 67 என்பது அவ்வெதிர்ப்பொருள் கிடைத்த குழியின் எண். கி-67 மிகுந்த புற்று விரைந்து வளரும் என்று பொதுவாகக் கூறலாம். இது நோயின் போக்கைக் காட்டும் அடையாளமேயன்றி, இன்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று காட்டுவதன்று.

இதற்கு மாறானது ஈ.ஜி.எப்.ஆர். என்னும் புரதம். உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, வளருமாறு கட்டளையைப் பெற்று உள்ளே அனுப்புவது இதன் தொழில். இதனை ஆக்கும் ஜீனில் சில மாறுதல்கள் நேர்ந்தால், வெளிக்கட்டளை இல்லாமலே அது ஓயாது வேலை செய்கிறது. இம்மாறுதல்கள் 2004-இல் கண்டறியப்பட்டன. இந்திய நோயாளிகளின் அடினோகார்ஸினோமாவில் ஏறத்தாழக் கால் பங்கில் இவை காணப்படுகின்றன. கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. இப்புரதத்தைத் தடுக்கும் ஜெபிடினிப் மாத்திரை ஒரு சாராருக்கும், வழக்கமான ரசாயன மருந்துகள் மற்றொரு சாராருக்கும் கொடுக்கப்பட்டன. ஜீன் மாறுதல் உள்ளவர்களிடம், மாத்திரை பெற்றோருக்கு நோய் முன்னேறும் அபாயம் மற்றவருக்கு இருந்ததில் பாதியளவே இருந்தது. மாறுதல் இல்லாதவர்களிடமோ, மாத்திரை பெற்றோருக்கு அந்த அபாயம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆயிற்று. ஒருவருக்கு அமுதமான மருந்து மற்றொருவருக்குக் காலத்தை வீணாக்குவதாயிற்று. சோதனையின்றி மருந்து கொடுப்பதன் ஆபத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

பி.டி.-எல்.1 என்னும் புரதமும் இவ்வினத்தைச் சேர்ந்தது. உடலைக் காக்கும் வெள்ளணுக்களின் மேல் பி.டி.-1 என்னும் ஒரு புரதம் உண்டு. அது வண்டியின் தடை போன்றது. சில புற்றுக்கள் பி.டி.-எல்.1-ஐக் கொண்டு அத்தடையை அழுத்தி, வெள்ளணுக்களைச் செயலற்றவையாக்கித் தப்பிவிடுகின்றன. பி.டி.-1-ஐக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி தாஸுகு ஹோன்ஜோ, ஜேம்ஸ் அலிஸன் என்னும் அமெரிக்கருடன் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். தடையை விடுவிக்கும் பெம்ப்ரோலிஸுமாப் என்னும் மருந்து, புற்றணுக்களில் பாதிக்குக் குறையாதவற்றில் பி.டி.-எல்.1 காணப்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. இதன் முதல் முடிவு 2016-இல் வெளியாயிற்று. பரவிய நோயுடைய அந்த 305 பேரில், இம்மருந்துடன் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 32 பேரும், ரசாயன மருந்துகளுடன் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 16 பேரும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர்.

ஒரு புரதம் புகட்டிய பாடம்

எனினும், திசுவில் காணும் ஒவ்வொரு புரதத்தையும் உடனே நம்பிவிடலாகாது. ஈ.ஆர்.ஸி.ஸி.1 என்னும் புரதத்தின் வரலாறு இதற்குச் சான்று.

நுரையீரல் புற்றுக்கு வழங்கும் முக்கிய மருந்துகளுள் ஒன்று சிஸ்பிளாட்டின். அது உயிரணுவின் ஜீன் பொருளாகிய டி.என்.ஏ.-வைச் சேதப்படுத்திப் புற்றைக் கொல்கிறது. ஈ.ஆர்.ஸி.ஸி.1 அச்சேதத்தைச் செப்பனிடும் புரதங்களுள் ஒன்று. ஆகவே, இப்புரதம் உள்ள புற்று மருந்துக்குத் தப்பிவிடும், இல்லாத புற்று மடியும் என்று கருதுவது இயல்பே. பாரிஸுக்கு அருகிலுள்ள குஸ்தாவ் ருஸ்ஸி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அறுவை செய்து அகற்றப்பட்ட 761 புற்றுக்களைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். கருதியவாறே, புரதம் இல்லாதவர்களுக்கு மட்டுமே சிஸ்பிளாட்டினால் நன்மை காணப்பட்டது. மருந்து பெறாதவர்களுள் புரதம் உடையவர்களே நெடுநாள் வாழ்ந்தனர். அதாவது, நோயின் போக்குக்கு நல்லடையாளமான அதே புரதம், மருந்தின் பலனுக்குத் தீயடையாளமாக இருந்தது.

இதனை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தால், புரதம் உள்ளவர்களுக்குச் சிஸ்பிளாட்டின் மறுக்கப்பட்டிருக்கும். அறுவைக்குப் பின் இம்மருந்தைப் பெறுவதால் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஐவர் வீதம் அதிகமாக உயிர் தப்புகின்றனர் என்பது 2008-இல் வெளியான தொகுப்பாராய்ச்சியின் முடிவு. அந்த ஐவருள் சிலரின் உயிர் ஒரு சாயத்தைப் பொறுத்ததாக ஆகியிருக்கும்.

ஆனால் அந்நிலையத்தைச் சார்ந்தவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே மீண்டும் சோதிக்க முற்பட்டனர். 2013-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி வியப்பளித்தது. அதே பெயருள்ள எதிர்ப்பொருளின் பிந்திய தயாரிப்பைக் கொண்டு சோதித்தபோது முந்திய முடிவு கிட்டவில்லை. இப்புரதம் நான்கு வடிவங்களில் உண்டாகிறது என்றும், அவற்றுள் ஒன்று மட்டுமே டி.என்.ஏ.-வைச் செப்பனிட வல்லது என்றும் அவர்கள் கண்டனர். கடைகளில் கிடைத்த 16 எதிர்ப்பொருள்களைச் சோதித்ததில், அவற்றுள் ஒன்றேனும் அவ்வடிவத்தைத் தனியே பிரித்துக் காட்டவில்லை. கருத்து சரியாக இருந்திருக்கலாம். அளவுகோல் சரியாக இல்லை.

கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் அடையாளப் புரதத்தை ஏற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் புலனாகின்றன. அப்புரதத்தை அளக்கும் முறை வெவ்வேறு சோதனைச் சாலைகளிலும் ஒரே விடையைத் தருகிறதா? அதன் பலன் முதலில் கண்டவர்களின் நோயாளிகளிடம் மட்டுமன்றி, பிறரிடம் சிகிச்சை பெற்ற நோயாளிகளிடமும் காணப்பட்டதா? நோயின் கட்டம் முதலியவை தாமே கூறுவதற்கு மேலாக அது ஏதேனும் கூறுகிறதா? அது கூறுவது நோயின் போக்கையா, மருந்தின் பலனையா? அந்த எண் உயர்ந்தாலோ குறைந்தாலோ சிகிச்சையில் யாதொரு மாறுதலும் நேராது எனின், அச்சோதனைக்காகப் பணம் செலவிடுவது நோயாளிக்குப் பாரமே ஆகும்.

பரவிய அடினோகார்ஸினோமா உடையவர்களுக்கு ஈ.ஜி.எப்.ஆர். ஜீன் சோதனையும், ஏ.எல்.கே., பி.டி.-எல்.1 ஆகிய புரதங்களின் சோதனையும் இக்கேள்விகளுக்குத் தக்க விடை தந்து தேர்ச்சி பெற்றவை. இவை சிகிச்சையையே மாற்றுகின்றன. ஆதலின், திசுவை எடுக்கும்போதே இச்சோதனைகளுக்கும் போதுமான அளவு எடுப்பதும், எடுத்ததை வீணாக்காமல் காப்பதும் மருத்துவமனைகள் கவனிக்க வேண்டிய செயல்கள். சி.ஈ.ஏ., சைப்ரா 21-1 முதலிய இரத்தப் புரதங்கள் நோயின் போக்கைத் தொடர்ந்து கண்காணிக்கத் துணையானவை; படத்துக்கும் திசுச் சோதனைக்கும் அவை மாற்றாகா.

சோதனைச் சாலையிலிருந்து வரும் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைக் கண்டு அஞ்சுவதும், அதைக் கண்டு மனம் தளர்ந்து சிகிச்சையை நிறுத்துவதும் இயல்பாக நிகழ்பவை. அவ்வெண் எந்தக் கேள்விக்கு விடை என்று வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை. அதை விளங்கக் கூறுவது வைத்தியரின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நடைபெறுமிடத்து அடையாளப் புரதங்கள் தம் முழுப் பயனையும் அளிக்கும் என்பதில் ஐயமில்லை.